தூங்கானைமாடமும் அரசன் பெயரும்: திருத்தணி வீரட்டானத்தை முன்வைத்து

1

தமிழகக் கோயில் கட்டடக் கலை பற்றி நமக்குப் பாடமாகச் சொல்லப்பட்டதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால் கடைசியில் மிஞ்சுவது ராஜாக்களின் வரிசைதான். மகேந்திரன் பாணி, மாமல்லன் பாணி, ராஜசிம்மன் பாணி, நந்திவர்மன் பாணி, அபராஜிதன் பாணி. பிறகு முற்காலச் சோழர், பிற்காலச் சோழர் என்று இன்னொரு பட்டியல். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தேர்வுக்காக இதை மனப்பாடம் செய்கிறார்கள். பெரியவர்களான நாமும் ஏதேனும் ஒரு பழைய கோயில் முன்னால் போய் நின்றால் முதலில் கேட்பது "எந்த ராஜா கட்டினது?" என்பதைத்தான். கல்லும் சுதையும் மரமும் கொண்டு மனிதர்கள் உண்டாக்கிய ஒரு பொருளை இப்படி அரசப் பெயரின் வழியாக மட்டுமே வாசிக்கப் பழகியிருக்கிறோம். இந்த வாசிப்புப் பழக்கம் எங்கிருந்து வந்தது, எதை மறைத்தது என்று ஒரு சின்னக் கோயிலை வைத்துக்கொண்டு யோசித்துப் பார்க்கலாம்.

சின்னக் கோயில் என்று சொன்னது திருத்தணியில் இருக்கும் வீரட்டானேசுவரர் கோயிலை. திருத்தணி என்றதும் எல்லோருக்கும் மலைதான் ஞாபகம் வரும். 365 படி, ஆடிக் கிருத்திகைக் காவடி, டிசம்பர் 31 ராத்திரி படித் திருவிழா, அருணகிரிநாதர். கீழே ஊருக்குள் இருக்கும் இந்தக் கற்றளியைத் தேடிப் போகிறவர்கள் கம்மி. அட்டவீரட்டானம் என்று சைவ மரபு எண்ணிவைத்திருக்கும் எட்டிலும் இது கிடையாது. பக்தியின் பட்டியல் விட்டுவிட்டது. வரலாற்றின் பட்டியல் சேர்த்துக்கொண்டது. ஆனால் எப்படிச் சேர்த்துக்கொண்டது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பெர்சி பிரவுன் 1942இல் வெளியிட்ட இந்தியக் கட்டடக் கலை நூலை இன்றும் பல்கலைக்கழகங்களில் வைத்துப் பாடம் நடத்துகிறார்கள். அதில் பல்லவர் காலத்தின் கடைசிக் கட்டத்துக்கு நந்திவர்மன் தொகுதி என்று பெயர். காஞ்சிபுரத்து முக்தேசுவரர், மதங்கேசுவரர், செங்கல்பட்டுப் பக்கம் ஒரகடம் வாடாமல்லீசுவரர், திருத்தணி வீரட்டானேசுவரர், ரேணிகுண்டா பக்கம் குடிமல்லம் பரசுராமேசுவரர் எல்லாம் இதில் அடங்கும். இவை சிறிய கோயில்கள், முன்னே இருந்ததைவிட எந்த வகையிலும் வளர்ச்சியைக் காட்டாதவை என்பது அவர் தீர்ப்பு. ராஜ்யம் சரிந்தது, கலையும் சரிந்தது. கைலாசநாதரின் பிரம்மாண்டத்துக்கும் தஞ்சைப் பெரிய கோயிலின் பிரம்மாண்டத்துக்கும் நடுவே ஏதோ மூச்சு வாங்கும் இடைவெளி போல இவை ஆகிவிட்டன. பெரிது என்றால் வளர்ச்சி, சிறிது என்றால் தேய்வு. பேரரசின் கண்ணால் பார்த்தால் இப்படித்தான் தெரியும்.

2

சரி, கட்டடமே என்ன சொல்கிறது?

இதன் தளவடிவம் சதுரமில்லை. முன்பக்கம் நேராகவும் பின்பக்கம் அரைவட்டமாகவும் இருக்கும். மேலே இருந்து பார்த்தால் குதிரை லாடம் மாதிரி. சிற்ப நூல்கள் கஜப்பிருஷ்டம் என்கின்றன, யானை முதுகு. தமிழில் இதைவிட நல்ல சொல் இருக்கிறது: தூங்கானைமாடம். பெண்ணாடத்துக் கோயிலுக்கு அப்பரும் சம்பந்தரும் பாடிய காலத்திலேயே அந்தப் பேர் இருந்தது. மாமல்லபுரத்து ஐந்து ரதங்களில் சகாதேவ ரதம் இந்த வடிவம்தான். அதன் பக்கத்திலேயே ஒற்றைக் கல்லில் ஒரு யானையைச் செதுக்கி நிறுத்திவைத்திருக்கிறார்கள். பேரைப் பொருளாகவே காட்டிவிட்டான் அந்தத் தச்சன்.

மூங்கிலை வளைத்துக் கூரை வேய்கிறவனுக்கு அரைவட்டம் சுலபம். கல்லில் அது சுலபமில்லை. அதிட்டானத்தின் ஒவ்வொரு கல்லையும் வளைவுக்கு ஏற்றாற்போல் வெட்ட வேண்டும். ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை என்று ஒவ்வொரு வரியையும் முறியாமல் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். ஒரு கல்லில் அளவு தப்பினால் அடுத்த கல் உட்காராது. சுவரிலும் அப்படியே, கூரையிலும் அப்படியே. நேர்கோட்டில் முடித்திருந்தால் வேலையும் கூலியும் மிச்சம். திருத்தணியில் அதைச் செய்யவில்லை. கருங்கல்லிலேயே வளைவாகக் கட்டியிருக்கிறார்கள். 'எந்த வளர்ச்சியும் இல்லை' என்று எழுதியவர் கண்ணில் இந்த உழைப்பு படவில்லை, ஏனென்றால் அவர் அளவுகோலில் உயரம் மட்டும்தான் இருந்தது.

இன்னொன்று. சுவரின் கோட்டங்களில் பிள்ளையார், தட்சிணாமூர்த்தி, திருமால், பிரமன், துர்க்கை என்று வரிசையாக வருகிறார்கள். பின்னால் வந்த சோழர் கோயில்களில் இந்த வரிசை ஏறக்குறைய சட்டமாகவே ஆகிவிட்டது. மாணவர்கள் இதை 'முற்காலச் சோழர் அம்சம்' என்று எழுதி மதிப்பெண் வாங்குவார்கள். சோழன் தொண்டை நாட்டைப் பிடிப்பதற்கு முன்பே, பல்லவ ஆட்சி ஆண்டைப் பொறித்த ஒரு கோயிலில் அது இருக்கிறதே, இதற்கு என்ன பேர் வைப்பது? தச்சர்கள் தங்கள் வேலையைத் தங்கள் போக்கில் மாற்றிக்கொண்டு வந்தார்கள், அரசர்கள் நடுவில் மாறினார்கள், அவ்வளவுதான்.

குடிமல்லத்தைப் பாருங்கள், இந்தப் பெயரிடும் முறை இன்னும் மோசமாகக் கவிழ்கிறது. 1973-74இல் தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது இப்போதைய கோயிலுக்கு அடியில் செங்கல்லால் ஆன பழைய அரைவட்டக் கட்டடம் ஒன்றின் எச்சம் கிடைத்தது. கோயிலைக் கல்லால் புதுக்கிக் கட்டியது 12ஆம் நூற்றாண்டில், விக்கிரம சோழன் காலத்தில் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. அப்புறம் இது எந்த நந்திவர்மன் தொகுதி? பல்லவனுக்கு முன்பும் அரைவட்டம், பல்லவனுக்குப் பின்பும் அரைவட்டம். அந்த ஊருக்கு வேண்டியிருந்தது அந்த வடிவம். ஒவ்வொரு தடவையும் அதே அடித்தளத்தின் நினைவில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

தொண்டை நாடு முழுக்க இது கிடக்கிறது: பாடி, திருமுல்லைவாயில், மாகறல், ஒரகடம், திருவொற்றியூர். வடக்கே போனால் பல்நாட்டுச் சேஜர்லா கபோதேசுவரர். அதற்கும் முன்னால் நாகார்ஜுனகொண்டாவின் பௌத்த சைத்தியங்கள். பௌத்தன் ஸ்தூபியைச் சுற்றி வந்த அதே வளைவுக்குள் பின்னால் லிங்கம் உட்கார்ந்திருக்கிறது. ஒரு வடிவத்தை ஒரு மதத்துக்கோ வம்சத்துக்கோ பட்டா போட்டுக் கொடுக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

3

திருத்தணிக் கோயிலைக் கட்டியது யார்? கல்வெட்டு தெளிவாகச் சொல்கிறது: நம்பி அப்பி. ஆட்சி ஆண்டு அபராஜிதவர்மனின் 18. அவனுடைய கல்வெட்டுகளில் கிடைத்த கடைசி ஆண்டும் அதுதான். 9ஆம் நூற்றாண்டின் இறுதி. அதை ஒட்டிய காலத்தில்தான் ஆதித்த சோழன் அபராஜிதனை வென்று தொண்டை நாட்டைச் சோழ ராஜ்யத்தோடு சேர்த்துக்கொண்டான். திருத்தணிக்குப் பக்கத்திலேயே இருக்கும் திருவாலங்காட்டில் 1905இல் கிடைத்த ராஜேந்திர சோழனின் செப்பேடு, 31 இதழ் கொண்டது, இந்த வெற்றியைப் பெருமையாகப் பேசுகிறது.

இந்தக் கல்வெட்டில் ஒரு வெண்பா உண்டு. நம்பி அப்பி கருங்கல்லால் கோயில் அமைத்ததைச் சொல்லும் வெண்பா. அதைப் பாடியவர் அரசரே என்று சாசனம் சொல்கிறது. இலக்கியக்காரர்கள் இதைப் பார்த்ததும் 'கவி பாடிய பல்லவன்' என்று மகிழ்ந்துபோவார்கள். நாம் கொஞ்சம் நிதானிப்போம். கட்டியவன் ஒருவன், கட்டியதைச் சொல்லும் சொல் இன்னொருவனுடையது. ஊர்க்காரன் ஒருவன் பொருள் செலவழித்துக் கல்லில் ஒன்றைச் செய்கிறான். அரசன் அதன் சுவரில் நான்கு அடியாக உள்ளே நுழைந்துவிடுகிறான். ஆயிரத்து நூறு வருஷம் கழித்துக் கலை வரலாறு எழுத வந்தவர்கள் நம்பி அப்பி பாணி என்று சொல்லவில்லை, அபராஜிதன் பாணி என்றார்கள். அந்த நாலடி செய்த வேலை அது. பிரதியில் யார் எழுவாய் என்பது கட்டடத்தைக் கட்டியது யார் என்பதையே தீர்மானித்துவிடுகிறது.

இருந்தாலும் அந்த வெண்பாவே ஒரு விதத்தில் அரசனைக் காட்டிக்கொடுக்கிறது என்று நினைக்கிறேன். ராஜசிம்மன் கைலாசநாதர் கோயிலில் தன் பட்டப் பெயர்களையே வரிசை வரிசையாக வெட்டிவைத்துக்கொண்டான். அபராஜிதனுக்கோ இன்னொருவன் கட்டியதைப் பாட வேண்டிய நிலை. அதிகாரம் காஞ்சியிலிருந்து ஊர்களுக்கும் உள்ளூர்ச் செல்வர்களுக்கும் சபைகளுக்கும் நகர்ந்துகொண்டிருந்த காலத்தின் தடயம் இது. 1977இல் திருத்தணி பக்கத்து வேலஞ்சேரியில் இரண்டு செப்பேட்டுத் தொகுதிகள் கிடைத்தன. ஒன்று அபராஜிதனுடையது. மற்றொன்று, அவனை வீழ்த்திய ஆதித்தனின் மகன் பராந்தகனுடையது. தோற்றவன் ஏடும் வென்றவன் மகன் ஏடும் ஒரே ஊரில். மேலே வம்சம் மாறியது, கீழே தானமும் நிலமும் பழையபடி நடந்தன.

4

இந்த இடத்தில் கொஞ்சம் வெளியே போய்வருவது உதவும். இங்கிலாந்தின் இடைக்கால ஊர்த் தேவாலயங்களைப் பற்றிச் சொல்கிறேன். அங்கேயும் சிறிய கட்டடங்கள்தான், ஆயிரக்கணக்கில். அவற்றின் பாணிகளுக்கு 1817இல் தாமஸ் ரிக்மன் பெயர் வைத்தபோது மன்னர்களின் பெயரை வைக்கவில்லை. நார்மன், ஆரம்ப ஆங்கிலம், அலங்காரம், செங்குத்து என்று ஆளவந்தோர் இனத்தையும் ஜன்னல் வளைவையும் கல் வேலையையும் பார்த்து வைத்தார். அது ஒன்றும் புரட்சியில்லை. ஆனால் அதன் பிறகு வந்தவர்கள் 'இந்த ஜன்னலுக்கு யார் காசு கொடுத்தது?' என்று கேட்பதற்கு இடம் இருந்தது.

கேட்டபோது கட்டடம் இரண்டாகப் பிளந்தது. பாதிரி நின்று பூசை செய்யும் கிழக்குப் பகுதியைப் பராமரிப்பது தசமபாகம் வாங்குகிறவரின் பொறுப்பு. விளைச்சலில் பத்தில் ஒன்று அவருக்குப் போகிறதல்லவா. ஜனங்கள் நிற்கும் மேற்குப் பகுதியைப் பராமரிப்பது ஜனங்களின் பொறுப்பு. 13ஆம் நூற்றாண்டு வாக்கில் இது வழக்காக நிலைத்துவிட்டது. அதனால்தான் பல ஊர்களில் ஜனங்களின் பகுதி உயர்ந்து விசாலமாகவும், அதோடு ஒட்டிய பாதிரி பகுதி பழைய தாழ்ந்த கூரையோடும் நிற்கிறது. வரி யாருக்குப் போனது, அவர் எவ்வளவு செலவழித்தார் என்ற கணக்கு கூரையின் உயரத்தில் தெரிகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு மரத் தட்டி. சஃபோக் பகுதியில் லாங் மெல்ஃபோர்டு தேவாலயத்தின் வெளிச்சுவரில் 15ஆம் நூற்றாண்டில் காசு கொடுத்தவர்களின் பெயர்களையே வெட்டிவைத்தார்கள், எங்கள் ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று. நம்மூர்க் கல்வெட்டு படித்துப் பழகியவர்களுக்கு இது புதுசாகத் தெரியாது. மோர்பாத் என்ற குக்கிராமத்துப் பாதிரி 1520 முதல் 1574 வரை எழுதிவைத்த கணக்குப் புத்தகம் ஒன்றிலிருந்து மதச் சீர்திருத்தம் ஒரு ஊரை எப்படிப் புரட்டிப் போட்டது என்று வரலாறே எழுதியிருக்கிறார்கள்.

அரைவட்டமும் அங்கே உண்டு. வேல்ஸ் எல்லையோரம் கில்பெக் என்ற ஊரில் 1140 வாக்கில் கட்டிய தேவாலயத்தின் கிழக்கு முனை அரைவட்டம். நமக்கும் அவர்களுக்கும் ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை. அவர்களுக்கு அது ரோமானிய மண்டபத்திலிருந்து வந்தது. ஆனால் கில்பெக் இருக்கும் பகுதியும் இரண்டு மொழி, இரண்டு சட்ட வழக்கு கலந்த எல்லைப் பகுதி. அதன் கூரை விளிம்பைச் சுற்றிலும் நாய், முயல், பெயர் தெரியாத விலங்குகள், வெட்கமில்லாத ஒரு பெண் உருவம் என்று தச்சர்கள் இஷ்டத்துக்குச் செதுக்கியிருக்கிறார்கள். எந்த ராஜாவும் இதைச் செய்யச் சொல்லியிருக்க மாட்டான்.

5

இதைப் படித்துவிட்டு, 'அப்படியானால் திருத்தணிக் கோயில் மக்கள் கோயில்' என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். ராஜாவை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது மக்கள் என்று நினைப்பது நம் இடதுசாரிகள் பலருக்கு உள்ள ஒரு சபலம். இடைக்கால ஆவணங்களில் 'ஊர்' என்றால் அது நிலம் வைத்திருப்பவன் ஊர். 'சபை' என்றால் அது பிராமணச் சபை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் வரியில்லா நிலங்களைப் பட்டியலிடும்போதே பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று தனித்தனியாகப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். கோயிலுக்கு நெல் வந்த நிலத்தில் சேற்றில் நின்றவர்கள் அந்தச் சேரிகளில் இருந்தார்கள். கற்றளியின் வளைவுக்குள் அவர்களுக்கு இடம் கிடையாது. இங்கிலாந்தில் ஜனத்துக்கும் பாதிரிக்கும் நடுவே ஒரு மரத் தட்டிதான். இங்கே தட்டி ஊர் எல்லையிலேயே போடப்பட்டிருந்தது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் 1939இல் நுழைந்ததும் 1947இல் சென்னை மாகாணம் ஆலயப் பிரவேசச் சட்டம் போட்டதும் அந்தத் தட்டியைத் தள்ளிய முயற்சிகள். எல்லா ஊரிலும் அது விழுந்துவிட்டதா என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தச்சர்களைப் பற்றியும் இதே மாதிரி. சில பேர்கள் தப்பியிருக்கின்றன. தஞ்சையில் குஞ்சரமல்லன் என்ற ராஜராஜப் பெருந்தச்சன். திருவொற்றியூர் தூங்கானைமாடத்தை ராஜேந்திரன் காலத்தில் கட்டிய ரவி என்ற வீரசோழத் தச்சன். பேரைப் பாருங்கள், கட்டியவன் பேருக்கு முன்னாலும் ராஜா ஒட்டிக்கொண்டுவிட்டான். பெருந்தச்சனுக்கே இந்தக் கதி என்றால் மலையில் ஆப்பு வைத்துக் கல்லைப் பிளந்தவன், வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தவன், சாரத்தில் நின்றவன், அவர்களுக்குச் சோறாக்கிப் போட்டவள் எல்லோரும் எங்கே? திருத்தணியில் அவர்கள் விட்டுப்போன ஒரே கையெழுத்து, பின்சுவரில் ஒன்றோடொன்று சரியாக உட்கார்ந்திருக்கும் வளைந்த கல்வரிசை. அதை வாசிக்கப் பழகாமல் கல்வெட்டை மட்டும் வாசித்தால் எழுதத் தெரிந்தவர்களின் வரலாறுதான் திரும்பத் திரும்பக் கிடைக்கும்.

6

இதெல்லாம் ஆயிரம் வருஷத்துப் பழைய விஷயம், இப்போது என்ன என்று கேட்கலாம். இரண்டு காரியம் இருக்கிறது.

ஒன்று, எல்லை. 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி. முதலானோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் பரிந்துரை, 1959ஆம் வருஷத்து எல்லை மாற்றச் சட்டம் எல்லாம் ஆகி, 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குள் வந்தது. திருப்பதியும் சித்தூரும் அங்கேயே நின்றுவிட்டன. மொழி உரிமைக்கான அந்தப் போராட்டத்தின் நியாயத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் எல்லைக்கோடு போட்ட கையோடு கலையையும் கோடு போட்டுப் பிரித்துவிட்டோம். ஒரே தூங்கானைமாட மரபில் திருத்தணி தமிழர் கலையாகவும் குடிமல்லம் ஆந்திரக் கலையாகவும் இரண்டு சுற்றுலாக் கையேடுகளில் ஏறிவிட்டன. இரண்டு பக்கமும் 'நம்ம ராஜா' என்று மார்தட்டுவதற்குச் சௌகரியம். அந்த வட்டாரத்துச் சனங்களோ இரண்டு மொழியும் பேசிக்கொண்டு, இரண்டு பக்கத்துச் சந்தைக்கும் போய்க்கொண்டு, மலைக்குக் காவடியும் எடுத்துக்கொண்டு இருக்கிறார்கள். அவர்களுடைய வாழ்க்கைக்கு அந்த வடிவத்தின் வரைபடம்தான் நெருக்கமானது.

இரண்டு, திருப்பணி. 12 வருஷத்துக்கு ஒரு தடவை குடமுழுக்கு என்ற வழக்கத்தை ஒட்டித் தமிழ்நாடு முழுக்கச் சின்னக் கோயில்களில் நடப்பதைக் கண்ணால் பார்க்கிறோம். கல்வெட்டின் மேல் சிமெண்டுப் பூச்சு. கருங்கல் சுவருக்கு எனாமல் வர்ணம். மணலை அழுத்தத்தில் பீய்ச்சிக் கல்லைச் 'சுத்தம்' செய்தார்கள் பல இடங்களில். எழுத்தின் விளிம்பும் உளியின் தடமும் அதோடு போயின. தரையை உயர்த்திப் பளபளப்புக் கல் பதித்து அதிட்டானத்தின் பாதியைப் புதைத்துவிடுகிறார்கள். இதைச் செய்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, பக்தியில்தான் செய்கிறார்கள். பெரிய கோயில் என்றால் நாலு பேர் கேட்பார்கள், பத்திரிகையில் எழுதுவார்கள். சின்னக் கோயிலுக்கு யார் கேட்பது? 'தேய்வு' என்று ஏற்கனவே தீர்ப்பெழுதியாயிற்றே.

இங்கிலாந்திலும் 19ஆம் நூற்றாண்டில் இதே கூத்து நடந்தது. பழைய தேவாலயங்களின் சுவர்ப் பூச்சையெல்லாம் சுரண்டி எடுத்து, 'தூய' பாணிக்குத் திருப்புகிறேன் என்று அவரவர் கற்பனைக்கு ஏற்ப மாற்றிக் கட்டினார்கள். அதை எதிர்த்து 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியவர் வில்லியம் மோரிஸ். கவிஞர், கைவினைஞர், பின்னால் சோசலிஸ்டு. பழைய கட்டடத்தில் ஒவ்வொரு காலத்து உழைப்பாளியின் கையும் படிந்திருக்கிறது, ஒரு காலத்தைத் தேர்ந்துகொண்டு மற்றதைச் சுரண்டி எறிய உனக்கு உரிமையில்லை என்பது அவர் வாதம். கடவுள் நம்பிக்கைக்கும் அந்த வாதத்துக்கும் சம்பந்தமில்லை. நம் இயக்கத் தோழர்கள் பலர் கோயில் என்றாலே 'அது அவங்க விஷயம்' என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அந்த ஒதுங்கல் யாருக்கு லாபம் என்று யோசிக்க வேண்டும். உழைப்பின் ஆவணத்தை ராஜ பக்திக்காரர்களிடமும் வர்ணம் அடிக்கிறவர்களிடமும் விட்டுவிட்டு, பிறகு வரலாறு அவர்கள் கையில் போய்விட்டதே என்று புலம்பிப் பயனில்லை.

அவரவர் ஊரில் இருக்கும் ஒரு சின்னக் கற்றளியிலிருந்து தொடங்கலாம். காசு யாருடையது, நிலம் யாருடையது, கல் எந்த மலையிலிருந்து வந்தது, எந்தத் தெருக்காரர்கள் எதுவரை வரலாம் என்று இருந்தது, கடைசித் திருப்பணியில் எது மூடப்பட்டது என்று விசாரித்து எழுதிவைக்கலாம். பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்க வேண்டிய கேள்விகள் இவற்றில் பாதி. எந்த ராஜா என்பதைக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம்.